ஹார்ட்வெல்லின் குச்சி

ராலீன் கிரிம்ஷாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் எங்கள் டாலாரா ஊரில் விவரம் தெரிந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான், கத்தலுக்குப் பழகிய காது. மெதுவாகத் திட்டுவதைக் கேட்க எனக்கு ஒரு ஆசை உண்டு. அவள் திட்டுவதில் நியாயமும் இருக்கும்.

ஊராட்சி மன்றத்தில் அவளுக்குக் களை பிடுங்கும் வேலை. ஓடையோரமாகப் போகும் நடைபாதைதான் அவளுடைய ராஜ்யம். பாதை கார் நிறுத்தத்தில் தொடங்கி, பெரணிகளுக்கு நடுவே இறங்கி, கற்கள்மேல் கால் வைத்து ஓடையை அங்கங்கே தாண்டி, பாறை விளிம்புக்குக் கீழே குனிந்து போய் கீழ்மடுவில் முடியும். பலகையில் ‘நடுத்தரம்’ என்று போட்டிருக்கிறார்கள். முட்டி வலிக்கும், ஆனால் புகார் சொல்லக் கூடாது என்று அதற்கு அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைக் குழுவோடு நானும் போவேன். எல்லாருக்கும் பின்னால், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருகிற கடைசி ஆள் நான். என்னை ‘வால்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஓடைக்குப் பெயர் ஹார்ட்வெல் ஓடை. லெப்டினன்ட் ஹார்ட்வெல் என்றொரு வெள்ளைக்கார அதிகாரி இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேற்கே வழி கண்டுபிடிக்கக் கிளம்பி, வழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். ஓடையைக் கண்டுபிடித்தார், அதற்குத் தன் பெயரையே வைத்தார், பிறகு அதன் கரையிலேயே வழி தெரியாமல் காய்ச்சலில் விழுந்து கிடந்தார். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ராலீனின் முன்னோர்கள் அவரைக் கீழ்மடுவுக்குத் தூக்கிப் போய், விலாங்கு மீன் சுட்டுக் கொடுத்து, பிழைக்க வைத்து, மேட்டுக்குக் கொண்டு போய் வழி காட்டி அனுப்பினார்கள். அவர் ஊருக்குப் போய்ச் சொன்னதைக் கேட்டு ஆட்டு மந்தைகளும் துப்பாக்கிகளும் வந்தன. மடுவில் இருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். அவருடைய நினைவுப் பலகையில் ‘இவ்விடத்தைக் கண்டுபிடித்தார்’ என்று இருக்கிறது. அவரைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பலகையில் இடம் போதவில்லையாம்.

“எங்க ஆளுங்க பண்ண ஒரே தப்பு, அந்த விலாங்க அவனுக்குக் குடுத்ததுதான். நாமளே தின்னுருக்கலாம்” என்பாள் ராலீன்.

அந்த மடுவுக்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு. ஹார்ட்வெல் நினைவுக் கமிட்டி ஒரு தடவை மரியாதையாகக் கேட்டது. ராலீன் சொல்லவில்லை. “சொன்னா அதையும் பலகையில எழுதி ஆணி அடிப்பீங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது அந்தக் குச்சிக்கு வருகிறேன். பாதி வழியில், ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒரு பெரிய வில்லோ மரம் நிற்கிறது. ஹார்ட்வெல் குதிரையை ஓட்ட வைத்திருந்த குச்சியை அங்கே மண்ணில் குத்திவிட்டு மறந்து போனாராம், அது துளிர்த்து மரமானதாம். வில்லோ அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொன்னால், “சரி, அதோட புள்ளையா இருக்கும்” என்பார்கள். சீமையிலிருந்து வந்த மரம். ஒடித்துப் போட்ட சுள்ளி ஈரத்தைத் தொட்டாலே வேர் விட்டுவிடும். சிவப்பு வேர்கள் பாய் விரித்தது மாதிரி தண்ணீருக்குள் பரவும், அதில் சேறு தங்கும், அந்தச் சேற்றில் அடுத்த சுள்ளி முளைக்கும். மேல் மடுக்கள் எல்லாம் இப்படித்தான் தூர்ந்து சதுப்பாகிவிட்டன. இதுவும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மன்றமே படம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

அப்படியிருந்தும், எங்கள் பக்கம் இலையுதிர்காலம் தொடங்கும் மார்ச் மாதம் ஹார்ட்வெல் நாள் அன்று ஊரே நடந்து போய், ஆளுக்கொரு குச்சி அந்த மரத்திலிருந்து ஒடித்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, ஓடையில் விடும். மேட்டில் காத்திருந்த தன் ஆட்களுக்கு ஹார்ட்வெல் சேதி அனுப்பிய மாதிரி என்று கணக்கு. மேட்டுக்கு அனுப்பும் சேதி ஓடையில் எப்படிப் போகும் என்று இதுவரை எவனும் கேட்டதில்லை. பிறகு கரியடுப்பில் தேநீர் கொதிக்கும், தேங்காய்த்தூள் தூவிய கேக் துண்டுகள் சுற்றி வரும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் ராலீன் தண்ணீரில் இறங்குவாள். ஊர் விட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்குவது அவள் வேலை. தாய்மரத்தைத் தொடக் கூடாது, அது புராதனச் சின்னம். முளைத்ததைப் பிடுங்கச் சம்பளம், முளைக்க விடுவதற்கு விழா. 

போன வறட்சியில் ஓடை முழுக்க வற்றியபோது தண்ணீர் நின்றது கீழ்மடுவில் மட்டும்தான். வாத்து மாதிரி அலகு வைத்த பிளாட்டிபஸ் என்கிற நீர்ப்பிராணி இருப்பதும் அங்கேதான். இப்போது ஓடை அந்த மடுவுக்குள் நுழையும் இடத்திலும் சிவப்பு வேர் தெரிய ஆரம்பித்துவிட்டது. ராலீனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அந்த மடு மூடிப் போகக் கூடாது. பலகையை மாற்றச் சொல்லி அவள் கேட்டதில்லை. மன்னிப்பும் கேட்கச் சொன்னதில்லை.

இருநூறாவது ஆண்டு விழா நெருங்கியபோது கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கமிட்டித் தலைவி பெவ் ஹோல்ஸ்வொர்த் கெட்டவள் கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் சூப் பாத்திரம் அவள் வீட்டிலிருந்துதான் வரும். அவளை வெறுக்க முடியாததுதான் பெரிய தொந்தரவு.

“ராலீன் கண்ணு, வா வா. கேக் எடுத்துக்கோ.”

“கேக் வேணாம் பெவ். இந்த வருஷம் குச்சி ஒடிக்காதீங்க. பூ விடுங்க, காகிதம் விடுங்க, என்னத்தையோ விடுங்க. வில்லோ வேணாம்.”

“இருநூறாவது வருஷம்டா செல்லம்! பக்கத்து ஊர்லருந்தெல்லாம் வர்றாங்க. குச்சி இல்லன்னா எப்படி?”

“மடு மூடிரும்.”

“அதுக்குத்தான நீ இருக்க!” என்றாள் பெவ். மெய்யாகவே பாராட்டாகச் சொன்னாள். மேசையைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள்.

ராலீன் குரல் தாழ்ந்து போனது. “நான் செத்தப்புறம்?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெவ் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள், பந்தல் எங்கே போடுவது என்று.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், பட்டப்பகலில், ராலீன் டிரில்லை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனாள். களைக்கொல்லிக் கேனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பெரிய வில்லோவைக் கொல்லும் விதம் அதுதான். அடிமரத்தைச் சுற்றித் துளை போட வேண்டும், போட்ட துளையில் உடனே மருந்தை ஊற்ற வேண்டும். வெட்டிச் சாய்த்தால் சுள்ளியெல்லாம் சிதறி முளைக்கும். அவள் மன்றத்தின் மினுங்கும் மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள். எங்கள் நாட்டில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் தேவாலயத்தையே பெயர்த்துக்கொண்டு போகலாம், எதிரே வருபவர் வழி விடுவார். பாதையில் போனவர்கள் எல்லாரும் நல்ல வேலை, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விழாவுக்கு வழி பார்க்க வந்த பெவ்வும் நின்றாள். “என்ன, ஊசி போடுறியா மரத்துக்கு?”

“ஆமா” என்றாள் ராலீன்.

“நல்லாப் பாத்துக்கோ. வயசான மரம்.”

பெவ் போன பிறகு நான் சிரித்துவிட்டேன். ராலீன் சிரிக்கவில்லை. “ஊத்துடா டெஸ், காயறதுக்குள்ள” என்றாள்.

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. விழாவுக்குள் மருந்து நுனி வரை ஏறிவிடும், அன்று ஒடிக்கும் குச்சி வேர் விடாது. விழா அன்று இலையெல்லாம் மஞ்சள். இலையுதிர்கால அழகு என்று ஊரே மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டது. மலைமலையாகக் குச்சிகள் ஓடையில் போயின. ஒன்றுகூட முளைக்கவில்லை. கீழ்மடு ஓரத்தில் அவை கறுத்துக் கிடந்ததை நானும் அவளும் போய்ப் பார்த்தோம். அன்றைக்குத்தான் அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி நீந்தினாள்.

வசந்தம் வந்தும் மரம் துளிர்க்காதபோது ஊர் அலறியது. எந்தப் பாவி செய்தான் என்று கடைத்தெருவில் கூட்டம் போட்டார்கள். ராலீன் எழுந்து, “நான்தான். எல்லாரும் பாக்கத்தான் செஞ்சேன். பெவ் நலம் விசாரிச்சுட்டே போனா” என்றாள். வேலை போயிற்று. அபராதம் விழுந்தது. அவள் வீட்டுக் கதவில் எவனோ சாயம் எறிந்தான், என்னோடு பேசுவதைப் பாதிப் பேர் நிறுத்தினார்கள். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான், தாங்கிக்கொண்டோம்.

எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. போன வருஷங்களில் ஓடையில் விடாமல் ஞாபகத்துக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போன குச்சிகள் ஊர் முழுக்கத் தோட்டங்களில் மரமாகி நின்றன. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெவ் தன் தோட்டத்து மரத்தில் சுள்ளிகள் வெட்டிக் கன்று தயார் செய்தாள். மற்றவர்களும் செய்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் ஊரே மண்வெட்டியோடு இறங்கி, செத்த மரத்திலிருந்து கீழ்மடு வரைக்கும், இரண்டு கரையிலும் வரிசையாக நட்டது. செத்த மரத்தின் நினைவாகத் தியாக வரிசை என்று பெயர் வைத்தார்கள். புராதனப் பாதுகாப்பும் வாங்கிவிட்டார்கள், இனி ஒன்றைத் தொட்டாலும் சிறை. ஒரு மரத்தைக் கொன்றாள், ஊர் அவள் மடுவைச் சுற்றி ஒரு காட்டையே நட்டது. 

அடுத்த வாரம் நான் ராலீன் வீட்டில் இருந்தபோது பெவ் வந்தாள். கையில் ஒரு பக்கம் சூப் பாத்திரம், இன்னொரு பக்கம் நீலத் தொட்டி. தொட்டியில் ரிப்பன் கட்டிய வில்லோ கன்று, நாலு இலை விட்டிருந்தது.

“எனக்கு உம்மேல வருத்தமே கிடையாது கண்ணு. பழசெல்லாம் போகட்டும். மடு ஓரத்துல கடைசிக் குழி ஒண்ணு உனக்குன்னு விட்டு வச்சிருக்கோம். நீயே உங்கையால நடணும்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணோம்.”

அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

ராலீன் சூப்பை வாங்கி மேசைமேல் வைத்தாள். தொட்டியை வாங்கினாள். கன்றை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, விறகடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டாள். காலியான தொட்டியைத் திருப்பிப் பெவ் கையில் கொடுத்தாள்.

“கெளம்பு பெவ்” என்றாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெவ் அழுதுகொண்டே போனாள். பச்சை வில்லோ சீக்கிரம் எரியாது, புகைதான் வரும். அது முழுசாக எரிந்து முடியும் வரை ராலீன் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.