கண்ணை மூடச் சொன்ன அலை

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணி. திண்டுக்கல் ரயில் நிலையத்தில் நானும் என் மனைவி ஆரோக்கியமும் தெற்கே போகும் வண்டிக்குக் காத்திருந்தோம். அவள் கையில் கட்டுச்சோறு, என் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி. நாகல் நகரில் தையல் கடை வைத்திருப்பவன், வாங்கிய கண்ணாடியை வாங்கியபடியே விட்டுவிடுவானா? பின்பக்கம் கட்ட கால்சட்டை நாடா வைத்து, பக்கவாட்டில் வெயில் நுழையாதபடி காக்கித் துணியில் தடுப்பும் தைத்திருந்தேன். மாட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

"கழட்டித் தொலைங்க. ஜட்காக் குதிரை மாதிரி இருக்கு" என்றாள் ஆரோக்கியம்.

நாங்கள் புறப்பட்டது மணப்பாட்டுக்கு. அந்த ஊர் அந்தோணி திண்டுக்கல் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருபவர். சட்டை என்னிடம்தான் தைப்பார். வரும்போதெல்லாம், "ஒருக்கா வாங்கண்ணாச்சி, கட்டுமரத்துல ஏத்தி அலைமேல கூட்டியாறேன்" என்பார். ஆனால் அவர் கண்கள் எப்போதும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். கேட்டால், "வெயிலும் உப்பும் அண்ணாச்சி" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. தையற்காரனுக்குக் கண்தான் சோறு. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடச் சட்டைகள் வந்து குவியும். கண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் மிஷினை மூடிவிட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் கண்ணாடி.

மதுரை வரை நாற்பது மைலும் காய்ந்த வயல்கள். கிணற்று மேடுகளில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் மாடுகள். அதற்கப்பால் கரிசல். திருநெல்வேலியில் வண்டி மாறினோம். திருச்செந்தூர்ச் சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை பஸ் ஏறினோம். அங்கிருந்து தெற்கே பதினோரு மைல் சொச்சம். பனைகளும் தேரிச் செம்மணல் மேடுகளும் தவிர வேறில்லை.

"கடல் எப்ப வரும்?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அது எங்கயும் போவாது அண்ணாச்சி. நாமதான் வரணும்" என்றார் அவர்.

வந்தோம். மே மாதத்தில் குளமெல்லாம் வெடித்துக் கிடக்கும் சீமைக்காரன் நான். திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் என் மாமனாரின் கிணற்றில் பத்தடி நீர் நின்றால் அதுவே எங்களுக்குப் பெருவெள்ளம். இங்கே, ஓரம் அடிக்காத நீலத் துணியை யாரோ ஓயாமல் உதறிக்கொண்டிருந்தார்கள். மறுகரையைத் தேடினேன். ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள். அரைமணி நேரம் நாங்கள் இருவரும் சண்டை போடவில்லை. எங்கள் கல்யாண வாழ்வில் அது பெரிய சங்கதி.

புதன்கிழமை விடியலில் ஆரோக்கியத்தைக் கரையில் விட்டுவிட்டுக் கட்டுமரம் இறக்கினோம். அந்தோணி தலைத்துண்டைப் புருவம் வரை இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு கலயத்தில் நல்ல தண்ணீர் வைத்திருந்தார்.

"அலை ஒடயும்போது கண்ண மூடி, தலையக் குனிஞ்சிருங்க. தண்ணி வடிஞ்ச பொறவு தொறங்க. தேய்க்க மட்டும் கூடாது."

"நாங்க எரியோட்டுக் கிணத்துல கண்ணைத் தெறந்துக்கிட்டே முங்கி, அடியில கெடக்குற காசை எடுத்தவங்கப்பு!"

"கெணத்துல உப்பு யாரு போட்டா?" என்றபடி அவர் துடுப்பைப் போட்டார்.

முதல் அலை என் தையலைச் சோதித்தது. தையல் உறுதிதான். தடுப்புக்குள் புகுந்த கடல்நீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறவில்லை. உப்புத் தண்ணீருக்கு நானே அளவெடுத்து இரண்டு பை தைத்துக் கொடுத்து, அதைக் கண்ணில் நாடாவால் இறுக்கியும் கட்டியிருந்தேன்! கண் தீயாய் எரிந்தது. அந்தோணியாரே, அந்தோணியாரே என்று அலறினேன். பதில் சொன்னது மரத்திலிருந்த அந்தோணிதான்.

"கைய எடுங்க! கையெல்லாம் மணலு!" கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கலயத்து நீரைக் கண்ணில் வார்த்தார். உலகம் திரும்பி வந்தது. என் துண்டையும் புருவம் வரை இறக்கிக் கட்டினார். "வெயிலு மின்னுற தண்ணியப் பார்க்காதீங்க. மரத்து நெழலப் பாருங்க."

நிழலையே பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய கடைசி இடம் அதுதான்.

வலையை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது வெயில் முதுகில் ஏறியிருந்தது. "பெரிசு ஒண்ணு வருது. முட்டி போடுங்க. கண்ண மூடுங்க. திரும்பிப் பார்க்காதீங்க" என்றார் அந்தோணி. மூடினேன். மரத்தின் வால் மெல்ல எழுந்தது. அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். ஆனாலும் மரம் போயிற்று. ஓடவில்லை, பறந்தது. காதில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. இப்படி ஒன்றைக் காணாமல் நான் திண்டுக்கல் திரும்புவதா?

திரும்பிக் கண்ணைத் திறந்தேன்.

என் தலைக்கு மேலே பச்சைச் சுவர். அதற்குள் சூரியன் இருந்தது. சுவர் முழுக்க விளக்கேற்றியதுபோல் ஒளி. உள்ளே ஒரு மீன் கூட்டம் நிழலாகத் திரும்பியது. உச்சியில் வெள்ளை நூல் பிரிந்து பிரிந்து பறந்தது. பயம் அப்போதுதான் என்னை விட்டுப் போயிருந்தது. வாயைக்கூட மூடவில்லை. சுவர் என் முகத்தில் இடிந்தது.

கரையில் என்னை இறக்கியது யார் என்று தெரியாது. "ஆரோக்கியம், எனக்குக் கண்ணு போச்சு!" என்று மணலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், கண்மேல் ஈரத்துணியோடு செத்த பிணம்போல் கிடந்தேன். நண்பகலில் துணியை எடுத்ததும் என் சட்டையைக் கேட்டேன். காலரில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். கோத்துப் பார்த்தேன். நூல் போகவில்லை. எச்சில் தொட்டுக் கோத்தேன். ஊசியின் காதே தெரியவில்லை. கண்ணீர் பொங்கிவிட்டது.

"கடையை மூடிரலாம் ஆரோக்கியம். என் பொழப்பு முடிஞ்சுது."

அவள் என்னைப் பார்த்தாள்; ஊசியைப் பார்த்தாள்; பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, ரெண்டு வருசமா தெனம் காலையில அம்புட்டு ஊசிக்கும் நூல் கோத்து வச்சிட்டு அடுப்பங்கரைக்குப் போறது யாரு?"

நான் ஊசியைக் காலரில் திருப்பிக் குத்தினேன்.

"அந்தா, தூரத்துல என்ன தெரியுது சொல்லுங்க" என்றாள்.

"மேட்டு மேல கோயிலு. உச்சியில சிலுவை. சிலுவையில ஒரு காக்கா."

"அப்பக் கடல் மேல குத்தமில்ல!" என்றார் அந்தோணி. "வயசு மேலதான்."

சனிக்கிழமை பகலில் திண்டுக்கல் வந்து இறங்கினோம். மலைப்பாறை வெயிலில் வெளுத்து நின்றது. காற்றில் உப்பில்லை, புழுதிதான். கண்ணில் சிவப்பு வடிந்தபின், ஆரோக்கியம் என்னை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள். என் கடல் கதை அதற்குள் தெரு முழுக்கத் தெரியும். கடைக்காரர் விளக்கைக் கண்ணருகே கொண்டுவந்தார். அந்த ஒளியைக் கண்டதும் என் தலை தானாகக் குனிந்தது. கண் இறுக மூடிக்கொண்டது. மூடிய இமைக்குள் பச்சைச் சுவர் எழுந்தது, சூரியனோடு, அந்த மீன்களோடு.

"கண்ணைத் தெறங்கண்ணே. இங்க அலை அடிக்காது" என்றார் கடைக்காரர்.

"செத்த நேரம் விடுங்க" என்றாள் ஆரோக்கியம். "இப்பத்தான் ஒழுங்கா மூடிப் பாக்குறாரு."