மாமா வெட்டிய வாய்க்கால்

பிக்கட்டி என்ற மலைக்கிராமத்துக்குக் கீழே, பள்ளத்தில் தனியாக இருந்தது எங்கள் வீடு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவும் அப்பாவும் கேரட் தோட்டத்தில் குனிந்திருப்பார்கள். நிமிர்ந்தால்தான் முகம் தெரியும். இருட்டும்வரை கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பேன். கோழிகள் பதில் சொல்லும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

தோட்டத்துக்குக் கீழே கோரைப்புல் மண்டிய சதுப்பு. அதைத் தாண்டி ஒரே ஒரு வீடு. அங்கே என் வயதுக்காரி மாலதி இருந்தாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தைத் தம்பி. சதுப்பில் கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். சுற்றுப்பாதையில் காட்டெருமை நிற்கும் என்று அம்மா விடமாட்டாள். அதனால் கற்பூர மரப் பட்டையில் படகு செய்து, ஒரு பூவையும் வைத்து, சதுப்புக்குள் இறங்கும் தண்ணீரில் விடுவேன். மாலதி அந்தக் கரையில் காத்திருப்பாள். ஒன்றுகூடப் போய்ச் சேர்ந்ததில்லை. எல்லாவற்றையும் கோரை பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சேற்றை நான் திட்டாத நாளில்லை.

அப்போதுதான் குன்னூரில் டீ ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு மாமா எங்களோடு தங்க வந்தார். அம்மாவின் தம்பி. அவருக்குக் கை சும்மா இருக்காது. "இத்தனை எடம் சேறா வீணாக் கெடக்குதுங்களே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சதுப்பின் நடுவே நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் வடிந்தது. கோரையை அறுத்தெறிந்த இடத்திலும் கேரட் விதைத்து, மூட்டை மூட்டையாக உரம் போட்டார்கள். பயிர் பார்க்கப் பார்க்கச் செழித்தது. மாமாவுக்குத் தினமும் சாப்பாட்டில் முட்டை கிடைத்தது.

என் சந்தோஷம் வேறு. முதல்முறையாக என் படகு அந்தக் கரைக்குப் போனது. மாலதி பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். அன்றிலிருந்து சாயங்காலங்களில் எனக்கும் ஆள் இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மாலதியின் அம்மா எங்கள் தோட்டத்துக்கு ஏறி வந்தார். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில்தான் அவர்கள் குடிக்கிற கிணறு.

"ஏனுங்க, தண்ணி பச்சையாப் போச்சுங்க. பாப்பாவுக்கு அதுல பால் கலக்கிக் குடுத்தா ஒதடெல்லாம் நீலமாகுது. அந்தத் தண்ணியே ஆகாதுன்னு டாக்டர் சொல்றாருங்க. வாய்க்கால அடைச்சுட்டீங்கன்னா..."

"தண்ணி காலங்காலமா கீழதானுங்கக்கா போகுது, நாங்களா புதுசா அனுப்பறோம்?" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

அப்பா மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் திரும்பிப் போனார். வாய்க்காலை அடைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சில நாட்களில் மாலதி வீட்டார் ஒரு ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தை தேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மாலதி போகும்போது கையை ஆட்டினாளா என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகும் படகு விட்டேன். வேறென்ன செய்வது? கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கரையில் போய் முட்டும். எடுக்க ஆளில்லாமல் பூக்களோடு அங்கேயே குவிந்து கிடந்தன. மாலதிக்கு என்மேல் என்ன கோபம் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். என் படகுகளைப் பிடித்து வைத்த கோரைதான் எங்கள் தோட்டத்து உரத்தையும் வழியிலேயே பிடித்து, அவர்கள் கிணற்றைக் காத்துவந்தது என்று எனக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், படகு இப்போது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, மாலதிதான் இல்லை.