பினாங்கில் பார்த்ததாகச் சொன்னவர்

கோர்ட்டுக்குப் பொட்டில்லாமல் வரச் சொல்லியிருந்தார் வக்கீல் பஞ்சநாதன். கீழப்பழுவூரில் பஸ் ஏறும்போது பொன்னம்மாள் நெற்றியில் குங்குமம் இருந்தது. அரியலூரில் இறங்கித்தான் முந்தானையால் துடைத்தாள்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு மலாயாவுக்குக் கப்பலேறியவன். அவன் அனுப்பியதைச் சேர்த்து அவன் பேரிலேயே ஒரு சோளக்கொல்லை வாங்கியிருந்தாள். ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு கடுதாசி நின்றுபோயிற்று. நாற்பத்தொன்பதாம் வருஷம் பிறந்தும் சேதி இல்லை. கொல்லையை ஒண்டியாகப் பாடுபட்டுப் பிழைத்தவளைக் கொழுந்தன் ராசாங்கம் வெளியே தள்ளினான். அண்ணன் உயிரோடிருக்கிறார், வரும்வரை நான்தான் பார்ப்பேன் என்றான். ஏழு வருஷம் சேதியே இல்லாதவரைச் செத்தவராக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, அப்படித் தீர்ப்பானால் கொல்லை உனக்குத்தான் என்றார் வக்கீல். பொன்னம்மாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டுத்தான் சரி என்றாள்.

ராசாங்கத்தின் சாட்சி, கொளஞ்சியப்பன் என்ற மாட்டுத் தரகர். சத்தியம் செய்துவிட்டு, போன வருஷம் பினாங்குத் துறைமுகத்தில் சாமிக்கண்ணுவைப் பார்த்ததாகச் சொன்னார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். பீடி பற்றவைத்தபடி ஊரில் மழை உண்டா என்று விசாரித்தானாம். இந்த ஆள் திருச்சியைத் தாண்டியிருப்பானா என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, சிரிப்பு எழுந்தது. பொன்னம்மாள் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். மழையைத்தான் முதலில் விசாரிப்பான் அவன்.

வக்கீலுக்கு அந்தப் பீடி போதும். சாமிக்கண்ணு பீடியைத் தொடாதவன் என்பது ஊரறிந்த விஷயம். அவளைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார்.

"உங்க வூட்டுக்காரர் பீடி குடிப்பாராம்மா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் கொல்லை திரும்பிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

"இங்க இருந்த மட்டும் தொட்டதில்லைங்க," என்றாள். "மனுஷ மக்க இல்லாம அங்க தனியாக் கெடக்கறவங்க. பழகியிருப்பாங்க."

வக்கீல் மறுபடி கேட்டார். அதையேதான் சொன்னாள். முன்சீப் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "கொல்லையை நீயே தூக்கிக் குடுத்துட்டம்மா," என்று வக்கீல் கேஸ் கட்டுகளை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். ராசாங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் காபிக் கடைப் பக்கம் நழுவினான். கொளஞ்சியப்பன் பஸ்ஸுக்கு நடந்தார். பொன்னம்மாள் ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள்.

"இளைச்சுப் போயிருந்தாங்களா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "பஸ் வந்துரும், தாயி."

"அடுத்த பஸ்ல போலாம்ங்க," என்றாள்.