பீலியில் நின்றது என் வாளி மட்டும்தான்

பொய் சொன்னது நான். என் மகள் அல்ல.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையை எங்கள் லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன். அவளுடைய அப்பா அவளை அடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை… திறக்க முடியாமல் அல்ல. திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தே மூடியிருந்தேன்.

சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மூக்கைச் சிந்தி அழுது உங்களிடம் மன்னிப்பு வாங்க நான் வரவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

என் பெயர் பரமேஸ்வரி. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். குடியிருப்பு, வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்தில். பள்ளிக்கூடம் ஒன்பதாம் ஆண்டோடு நின்றுபோயிற்று. வாசிப்பு நிற்கவில்லை. சீனி சுற்றி வந்த பேப்பரைக்கூட நீவி விரித்து, கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவேன். அது ஒரு பசி. உங்களுக்கு அந்தப் பசி இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் விளக்கியும் பயனில்லை.

கல்யாணமான புதிதில் நான் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் கண்டார். வாங்கிப் புரட்டினார். பிறகு நடுவில் கிழித்து அடுப்பில் வைத்தார். கோபத்தில்கூட இல்லை. விறகு ஈரமாக இருந்ததாம்! எனக்கு இன்னும் அறுபது பக்கம் மிச்சம் இருந்தது. அன்றைக்குத்தான் என் புத்தகங்களை ஒளித்து வைக்கத் தொடங்கினேன். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில், பழைய பிஸ்கட் தகரத்துக்குள்.

பிள்ளைகளின் புத்தகம் என்றால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "புள்ளைங்க படிக்கட்டும். நாளைக்கு ஆபீசுல ஒக்காரலாம்" என்பார். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதுளையில் கொப்பியும் பழைய புத்தகமும் விற்கும் கொப்பிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், அட்டை கிழிந்த படப்புத்தகங்களை எனக்காக எடுத்து வைப்பார். அவற்றுக்கு நடுவில் எனக்கென்று ஒரு நாவலையும் செருகிக் கட்டித் தரச் சொல்வேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கட்டுக்கு மேலே யானைப் படம், உள்ளே என் சரக்கு!

படப்புத்தகங்கள் பெரும்பாலும் சிங்களம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். எனக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? படத்தைப் பார்த்து நானே கதை சொன்னேன். தர்ஷினி என் வலது பக்கம், மூன்று வயதுச் சுதன் மடியில். அவர்களுக்குப் பிடித்தது குடை பிடித்துக்கொண்டு மலையேறும் ஆமை. அந்தப் புத்தகத்தின் கடைசித் தாள் இல்லை. ஆமை எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்துக்கு அனுப்புவேன். ஒரு நாள் முத்தியங்கணை விகாரைப் பெரஹரா ஊர்வலத்துக்கு, ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, ஒரு நாள் கொஸ்லந்தையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு.

"இன்னைக்கு ஆமை எங்கம்மா போவுது?" என்று சுதன் காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடுவான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் அந்தப் பெரிய புத்தகத்துக்குள் என் நாவலை விரித்து வைத்துக்கொள்வேன். வாய் ஆமையோடு நடக்கும். கண் என் கதையில் ஓடும். "அம்மா, தாள திருப்பலையே" என்பாள் தர்ஷினி. அவள் கெட்டிக்காரி. எல்லாவற்றையும் கவனிப்பவள். நாவலையும் பார்த்தாள், பரணையும் பார்த்தாள். அப்பாவிடம் ஒருபோதும் மூச்சு விட்டதில்லை.

அந்த வருடம் கடும் வெயில். எங்கள் லயத்துக்குப் பீலி ஒன்றுதான். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற தண்ணீர் நூல் போல மெலிந்துவிட்டது. ஒரு வாளி நிறையக் கால்மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பீலியடியில் இருபது வாளியாவது வரிசையில் இருக்கும்.

எங்கள் பீலியில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் நிற்க வேண்டியதில்லை, வாளி நின்றால் போதும். வரிசை நகர நகர, பின்னால் இருப்பவள் உங்கள் வாளியைக் காலால் தள்ளி முன்னுக்கு விடுவாள். முறை வரும்போது நீங்கள் அங்கே இருந்தால் சரி. நடுவில் போய்ச் சோறு வடிக்கலாம், துணி காயப்போடலாம். வாளி இருந்தால் ஆள் இருந்த மாதிரிதான்.

நான் வாளியை வைத்துவிட்டுப் படிக்கப் போனேன்.

ஆமாம். கோயிலுக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில் ஒரு பாறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம்! கிழமையில் ஆறு நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் அதிகமா? பிள்ளைகளிடம் படப்புத்தகங்களைக் கொடுத்து, "பீலிக்குப் போயிட்டு வாறேன். தம்பிய பாத்துக்க" என்று தர்ஷினியிடம் சொல்லிவிட்டு, பாவாடை மடிப்புக்குள் நாவலைச் செருகிக்கொண்டு போய்விடுவேன்.

அன்றும் அப்படித்தான். முந்தின இரவு ஆமைக் கதையை நான் முடிக்கவில்லை. களைப்பு. நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன். காலையில் சுதன் கேட்டான். "தண்ணி எடுத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அவன் காத்திருந்தான். நான் வரவில்லை. அவன் கேட்டுக் கேட்டு அரிக்கவும், தர்ஷினி அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிடப் பீலிக்கு ஓடினாள். அங்கே என் நீல வாளி இருந்தது. நான் இல்லை. இரண்டு நிமிடம் தேடியிருப்பாள். அதற்குள் சுதன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடித் தானாகக் கிளம்பிவிட்டான். லயத்து முனையில் உள்ள கல்கட்டிலிருந்து கீழே விழுந்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை அழும் சத்தம்… கேட்டேன்! பன்னிரண்டு வீட்டு லயத்தில் எந்த நேரமும் ஏதாவது ஒரு பிள்ளை அழுதுகொண்டுதான் இருக்கும். நாவலில் அப்போது ஒருத்தி கடிதம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஒரு பக்கம் படித்தேன்.

பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தேன் என்று அந்தக் கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை.

இடது முழங்கை உடைந்திருந்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அந்தக் கை இன்றுவரை முழுதாக நீளாது. லொறியில் ஏற்றும் வரை அவன் புத்தகத்தை விடவில்லை. அவனுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, என்னை அங்கேயே அவனோடு விட்டுவிட்டுப் போகும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பெரியவளுக்குத் துணைக்கு வீட்டில் இரு என்று என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் தங்கினாள்.

வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது.

"தம்பிய பாத்துக்கச் சொன்னாங்கல்ல? எங்கடி போன?" என்று தர்ஷினியைக் கேட்டார்.

"அம்மாவக் கூப்பிட பீலிக்குப் போனேம்ப்பா. அம்மா அங்க இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. நினைக்க நேரம் இல்லாமல் வாய் தவறி வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அது பொய். நேரம் இருந்தது. பரணில் இருந்த தகரத்தை நினைத்தேன். அதற்குள் ஏழு புத்தகம். ஏழும் எரியும், இனி எட்டாவது வராது என்று நினைத்தேன். 'படிக்கப் போய்ப் பிள்ளையை விழவிட்டவள்' என்று சாகும்வரை பேசுவார்களே என்றும் நினைத்தேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"நா பீலியிலதான் நின்னேன்."

"பரமு வாளி எனக்கு முன்னுக்குத்தான் இருந்துச்சு. நாந்தானே தள்ளிவிட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா. அவள் பொய் சொல்லவில்லை. வாளியைப் பார்த்தவளுக்கு ஆளையும் பார்த்த மாதிரியே இருந்திருக்கிறது.

"வெளையாடப் போயிட்டு அம்மா மேல பழி போடுறியா? பொய்க்காரி!" என்று அவர் கையை ஓங்கினார்.

"நெசமாத்தாம்ப்பா… நெசமாத்தான்…" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னாள்.

அப்போது அவள் ஒன்று செய்தாள். நிமிர்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பரணைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டினால் போதும். அந்தத் தகரம் இறங்கிவரும், அவள் சொன்னதை எல்லோரும் நம்புவார்கள். பரணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டு வயது! அவள் எனக்காகச் செய்ததை நான் அவளுக்காகச் செய்யவில்லை.

ஆமைப் புத்தகத்தை அவர் அடுப்பில் போட்டார். எல்லாம் அதனால் வந்ததாம். என்னுடைய ஏழும் பரணில் பத்திரமாக இருந்தன.

மூன்றாம் நாள் அந்தக் கடிதக் கதையின் மீதியைப் படித்து முடித்தேன். கேட்டீர்களா? முடித்தேன்! படிக்காமல் விட்டிருந்தால் மகனின் கை நேராகிவிடுமா? நல்ல அம்மாக்கள் புத்தகத்தை வெறுத்து ஒதுக்கியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் ஒதுக்கவில்லை. இன்றும் படிக்கிறேன். செத்தாலும் தலைமாட்டில் ஒன்று இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சுதன் விழுந்த நேரத்தில் அவனுடைய அப்பா கடை வாசலில் கரம்போர்ட் ஆடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே! யாராவது அவரை ஏன் என்று கேட்டார்களா? நீங்களாவது, இதைப் படித்துவரும்போது, அவர் எங்கே இருந்தார் என்று ஒரு தடவை நினைத்தீர்களா? நான் படித்ததற்கு வெட்கப்படமாட்டேன். அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. ஒளிந்துகொண்டு படிக்க வேண்டியிருந்ததே, அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் என் மகள்… மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அவள் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அவளோ கேட்பதும் இல்லை.

தர்ஷினிக்கு இப்போது இருபத்தொரு வயது. மொனராகலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அன்றைக்குப் பிறகு அவள் கதைப்புத்தகம் எதையும் தொட்டதில்லை. பள்ளிக்கூடப் பாடத்தை மட்டும் படித்தாள், அதையும் விட்டாள். இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு வார்த்தை சேர்ப்பாள். "சாப்பிட்டேம்மா, நெசமாத்தான்." "மழை பெய்யுது, நெசமாத்தான்." கடையில் கூட வேலை செய்யும் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்களாம். சுதனும் சிரிப்பான். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்கே ஞாபகம் இருக்கிறதோ, என்னவோ… அவளைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் லீவில் வந்தாள். வரும் வழியில் பதுளையில் இறங்கி, அதே கொப்பிக்கடையில் எனக்கு ஒரு நாவல் வாங்கி வந்தாள். புதுசு! அட்டை கிழியாதது.

"ஒங்களுக்குத்தாம்மா வாங்கினேன். நெசமாத்தான்" என்றாள்.

அவள் திரும்பிப் போன அன்று பதுளை பஸ் நிலையம் வரை கூடப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றிருந்தேன். 'நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தான்' என்று ஒரு வரி. வாய்க்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். மொனராகலை பஸ் வந்தது. "ஏறு, சீட்டு போயிரும்" என்றேன். ஏறினாள்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். ஏன் தெரியுமா? அவள் புத்தகம் படிப்பதில்லை. எழுதி வைத்தால் அவள் கண்ணில் படாது என்று நிச்சயமாகத் தெரிந்துதான் எழுதுகிறேன். இதற்கும் தைரியம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

பஸ் போன பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். பையில் அவள் வாங்கித் தந்த நாவல் இருந்தது. மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். தோட்டத்து பஸ் ஒன்று போனது, ஏறவில்லை. கதை நன்றாக இருந்தது.

கடைசி அத்தியாயத்தில் இருந்தபோது போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேம்மா" என்றாள். "நெசமாத்தான்."

"ம்" என்றேன். விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடியிருந்தேன்.