என் தம்பி சொன்னதை ஒருவர் கேட்டார்

சத்சங்கத்தில் அனுபவம் சொல்லச் சொன்னார்கள். இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி வெங்கிட்டு இங்கே கேரளாவிலேயே, கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். வேலை முடிந்து வரும்போது ஒரு கும்பல் ஒருவனை நடுரோட்டில் வெட்டுவதைப் பார்த்துவிட்டான். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, கைகாட்டி, இன்னார்தான் என்று சொன்னான். கும்பலில் மீதிப் பேர் வெளியேதான் இருந்தார்கள். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், கரமனையில் எங்கள் வாசலிலேயே அவன் பைக்கைக் கொளுத்தினார்கள். அம்மா அங்கேயே மயங்கி விழுந்தாள். போலீசில், "பேடிக்கண்டா சேச்சி", பயப்படாதீங்க அக்கா என்றார்கள். அதோடு சரி, ஒரு காக்கிச் சட்டையும் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில், "அவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார்கள்.

உயிருக்குப் பயந்து ஆஸ்திரேலியா போனவன், அங்கே பாதுகாப்பு விசா கேட்டான். மறுத்தார்கள். மேல்விசாரணைக்குப் போனான். அங்கும் மறுத்தார்கள். பைக் எரிந்ததை எழுதிக் கொடுத்தவன் நேரில் ஏன் சொல்லவில்லை, அதனால் கட்டுக்கதை என்று முடிவு.

"ஏண்டா சொல்லலை?" என்று போனில் கத்தினேன்.

"சொன்னேன் அக்கா. கேரளான்னு மலையாள மொழிபெயர்ப்பாளரைப் போட்டா. தமிழ் வேணுமான்னும் கேட்டா. எதுக்குச் சிரமம், மலையாளம் போறும்னு நான்தான் சொன்னேன். பைக் எரிஞ்சதைச் சொல்றச்சே தமிழ்தான் வந்தது. அந்தம்மா புரியாம விட்டுட்டா."

இந்த ஊர்த் தமிழர் புத்தி இது. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கும் மலையாளம் போதும் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அழுகை வரும்போது மட்டும் அகத்துத் தமிழ் வந்துவிடுகிறது.

கடைசியாக அந்த மறுப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனான். அவன் சொல்வது உண்மையா என்று நீதிபதி பார்க்க மாட்டார், விசாரணை சட்டப்படி நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார் என்றாராம் வக்கீல். இது என்ன நியாயம்! தோற்றால் அந்தக் கும்பல் கைக்கே அவனைத் திருப்பி அனுப்புவார்கள்.

பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். "நோக்கு உடைச்ச தேங்காயெல்லாம் போறும். நான் விசா கேக்கலை. என் தம்பி சொன்னதை ஒருத்தராவது முழுசாக் கேக்கணும். அதுக்குக்கூட வக்கில்லையா நோக்கு?" தினமும் போய்த் திட்டினேன். அதுதான் என் பிரார்த்தனை.

நவராத்திரியில் தம்பியின் போன் வந்தது. விசாரணையின் ஒலிப்பதிவைத் தமிழ் தெரிந்தவரை வைத்து மொழிபெயர்த்து நீதிபதியிடம் கொடுத்திருக்கிறார்கள். பைக், நெருப்பு, அம்மா விழுந்தது, எல்லாம் அதில் இருந்தன. இவர் பேசியது விசாரித்தவரின் காதுக்கே போய்ச் சேரவில்லை, இதை விசாரணை என்றே சொல்ல முடியாது என்று நீதிபதி மறுப்பை ரத்து செய்துவிட்டார்.

கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். விசா கிடைத்ததா? இல்லை. மறுபடி முதலிலிருந்து விசாரணை. நான் கேட்டதை அப்படியே கொடுத்தார் பிள்ளையார், ஒரு பிடி கூடுதலாக இல்லை. கசக்கத்தான் செய்கிறது. ஆனால் 'என் காதில் விழவில்லை' என்று அவர் சொல்லவில்லை. மறுநாளே போய்த் தேங்காய் உடைத்தேன். இப்போதெல்லாம் திட்டுவதைக் குறைத்திருக்கிறேன்.

"இந்தத் தடவை தமிழ்தான் வேணும்னு கறாராச் சொல்லிட்டேன் அக்கா" என்றான் வெங்கிட்டு.

நீங்களும் பிள்ளையாரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், கேட்பார். தை மாதம் தம்பிக்கு விசாரணை. அவனுக்கு எதுக்கு வேண்டாத வேலை என்றவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வாயாலும் அவனுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்.