ஜப்பான் படத்துக்கு நான் சொன்ன கதை

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று செஞ்சியில் யார் கிளப்பிவிட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருந்தோம். பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி எழுதக் கற்றுக்கொடுப்பேன். யாராவது சர்க்கார் காகிதத்தை நீட்டினால் இது வரியா, நோட்டீஸா என்று பார்த்துச் சொல்வேன். என் இங்கிலீஷ் அத்தோடு சரி. ஆனால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதை மறுக்கவும் தெம்பு வேண்டும். பகலில் பள்ளிக்கூடம், லீவு நாளில் வாக்காளர் பட்டியல் எழுத வீடு வீடாக அலைச்சல் என்று இருந்த எனக்கு அந்தத் தெம்பு இல்லை. சரி, தெரியும் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலுக்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்கி முடிந்து ஊரில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நேரம். பஸ் ரோட்டோரம் இருந்த டெண்டு கொட்டகைக்குப் பொங்கலுக்கு வரவேண்டிய படம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு ஜப்பான் படத்தின் பெட்டி வந்து இறங்கியது. ஜப்பான்காரர்கள் வாயசைக்கிறார்கள், இங்கிலீஷில் பேச்சு வருகிறது. கொட்டகை முதலாளி நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க மைக்ல ரெண்டு வார்த்த தமிழ்ல சொல்லிட்டீங்கன்னா ஜனம் உக்காந்திருக்கும். இல்லன்னா மண்ண வாரிப் போட்டுட்டுப் பூடுவானுங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி அவருக்கு மோர் கொடுத்து, "எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டாள்.

கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் நான் கதை சொல்ல வேண்டும். படம் ஓடும்போதும் நான் கையைத் தூக்கினால் ஆபரேட்டர் சத்தத்தைக் குறைப்பார், நான் பேசலாம். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் முதல் ரீலில் ஒரு வார்த்தை புரியவில்லை. வெள்ளைக்காரன் மூக்கால் பேசும் இங்கிலீஷ். கடல் கொதிக்கிறது, கப்பல் கவிழ்கிறது, மலை மாதிரி ஒரு மிருகம் எழுந்து வருகிறது. விளக்கு எரிந்ததும் மைக்கைப் பிடித்து, "கடலில் இருந்து ஒரு பெரிய மிருகம் வருகிறது" என்றேன்.

"அது எங்களுக்கே தெரியுது சார். ஏன் வருதுன்னு சொல்லு" என்று மணல் தரையிலிருந்து ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

எனக்குக் காது சுட்டது. இரண்டாவது ரீலில் அந்த மிருகம் ஒரு வீட்டுக் கூரையைப் பிய்த்து உள்ளே குனிந்து பார்த்தது. ரயில் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. எதையோ தேடுகிறது என்று எனக்குப் பட்டது. கையைத் தூக்கினேன். "இது தாய் மிருகம். இதனுடைய குட்டியைப் பட்டணத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைத் தேடித்தான் கடல் தாண்டி வருகிறது" என்று சொல்லிவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து, "ஐயோ பாவமே!" என்று ஒரு குரல் வந்தது. அத்தோடு மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காட்சியையும் குட்டிக்காகவே வளைக்க வேண்டியதாயிற்று. படத்தில் கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர் வரைபடத்தை விரித்துப் பேசினால், குட்டியை எங்கே ஒளித்தோம் என்று யோசிக்கிறார். பீரங்கி சுட்டால், தாயை விரட்டுகிறார்கள். கடைசியில் மிருகம் கடலுக்கே திரும்பிப் போனபோது, "குட்டி கிடைக்காமல் போகிறது, ஆனால் மறுபடி வரும்" என்று முடித்தேன். ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

மூன்று நாளில் போயிருக்க வேண்டிய படம் பத்து நாள் ஓடியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பகலில் வகுப்பில் பேச்சு வராமல் பிரம்பால் மேசையைத் தட்டியே பாடம் நடத்தினேன்.

பார்த்தவர்களெல்லாம் விடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூடிவிடுவார்கள். பாதிப் பேர் ஐந்தாறு தடவை பார்த்தவர்கள். எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் ராஜகிரிக்கோட்டை உயரமா, அந்த மிருகம் உயரமா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. கோட்டையை ஒரு கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்துப் போய்விடும் என்றார் டீக்கடைக்காரர். அது வாயால் விடும் நெருப்பு மட்டும் தனக்கிருந்தால் பாய்லருக்குக் கரியே வேண்டாம் என்பார். தையல்காரர் ஒருவர் மட்டும் முதுகில் தையல் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தையல் இல்லடா, சண்டையில பட்ட காயம்" என்று அவரை அடக்கிவிட்டார்கள். என்னைக் கண்டால் ஆளுக்கொரு சந்தேகம் கேட்பார்கள். அந்தக் குட்டி ஆணா பெண்ணா, அதற்கு என்ன தீனி போடுகிறார்கள். நின்றுகொண்டே தூங்கும் நிலையில் நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், மல்லாட்டை மண்டியில் எடை போடுபவர். ஐம்பது வயதிருக்கும். தராசுக்குப் பக்கத்தில் நின்று முதல் மூட்டைக்கு ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று அவர் குரல் கொடுத்தால் தெருமுனை வரை கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் அனந்தபுரத்துக் கிறிஸ்தவக் குடியானவர் வீட்டுப் பையனை விரும்பி, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். இவர் பங்காளிகளைக் கூட்டி, குளத்தில் இறங்கித் தலை முழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவது போல உயிரோடிருக்கும் மகளுக்கு முழுகியாயிற்று. அதன்பின் அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக்கூடாது.

அப்படிப்பட்டவர் இந்தப் படத்தைத் தினமும் பார்த்தார். பார்த்துவிட்டு டீக்கடையில் அதைத் திட்டினார்.

"போன குட்டி பூட்டுது. அதுக்கோசரம் ஊர எரிச்சினு வருதே, அறிவு இருக்குதா அதுக்கு?"

"பெத்த வயிறுண்ணே" என்றார் தையல்காரர்.

"பெத்தா? வேணாம்னு போனத தேடுவாங்களா?"

"அது வேணாம்னு எங்க போச்சு? புடிச்சினு இல்ல போனாங்க" என்றார் டீக்கடைக்காரர். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அது கடலையே தாண்டி வருது. இங்க இருக்கற அனந்தபுரத்துக்கு சில பேருக்கு பஸ் கெடைக்கல" என்றார்.

எடைக்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் மகள் பிள்ளையாண்டிருந்தாள். எட்டாம் மாதம் முடிந்து ஒன்பதாம் மாதம் நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டார் போய் வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். அழைக்க யாரும் போகவில்லை. எடைக்காரரின் மனைவி கொட்டகையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதாராம். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்றுதான் அந்த மனுஷன் தயங்குகிறார், மனசுக்குள் கரைந்துபோய்விட்டார் என்றும் சொன்னாராம். என் மனைவி இதைச் சொன்னபோது நான் சுவரில் சாய்ந்தபடி, ம், ம் என்றேன். பாதிதான் காதில் விழுந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் டீக்கடையில் எடைக்காரர் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தார். "அறிவு கெட்ட மிருகம், அதுவே புள்ளய தேடினு வருது. மனுசன் நான் போனா இன்னா கொறஞ்சிடும்? எவன் கேக்கறானோ கேக்கட்டும்" என்றார். டீக்கடைக்காரர் அவருக்கு இன்னொரு டீயை ஆற்றிக் கொடுத்தார். மகளை அழைக்கப் போவதற்கு அவருக்கு ஆசை இருந்தது, சாக்குதான் இல்லாமல் இருந்தது. அந்தச் சாக்கை என் படம் கொடுத்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னும் ஒரு நாள்தான், அப்புறம் தூங்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

பத்தாம் நாள் காலை, மண்டி முதலாளி வீட்டுக்கு லீவில் வந்திருந்த ஒரு காலேஜ் பையன் டீக்கடைக்கு வந்தான். பட்டணத்தில் இதே படத்தைப் பார்த்தவனாம். முந்தின இரவு கொட்டகையில் நான் பேசியதைக் கேட்டிருக்கிறான்.

"இதுல குட்டியே கெடையாது. கடல்ல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்க. தூங்கிட்டிருந்த மிருகம் எழுந்துடுச்சு. அவ்ளோதான் கத. இவர் எல்லாத்தையும் அளந்து விடறாரு."

"நீ பாத்தது வேற படமா இருக்கும் தம்பி" என்றார் தையல்காரர் கோபமாக. மற்றவர்களும் எனக்காகப் பாய்ந்தார்கள். பையன் விடவில்லை. என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. டீ ஆறிப்போயிற்று, எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்று முழுக்க வகுப்பில் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது. பயிற்சிப் பள்ளியில் படித்ததெல்லாம் பாழ் என்று என்மேலேயே எரிச்சல். இரண்டு பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடித்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கொட்டகைக்குப் போனேன். எதிரே அனந்தபுரம் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

"சார்."

எடைக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. மண்டியில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"அந்த காலேஜு பையன் இன்னாவோ சொன்னானாமே. எம் பங்காளி இப்ப வந்து கேலி பண்ணிட்டுப் போறான். வாத்தியார் கட்டிவுட்ட கதையக் கேட்டு ஏமாந்தவனேன்றான். நான் நம்பல சார். நீங்க சொன்னதுதான் நெசம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும். பஸ் கெளம்பப் போவுது."

பஸ் என்றதை நான் கவனிக்கவே இல்லை. காலேஜ் பையன் என்றதைக் கேட்டதும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எரிச்சல் பொங்கிவிட்டது. இன்னொரு சந்தேகம், இன்னொரு பதில், இன்னொரு பொய். எனக்கு அலுத்துவிட்டது.

"ஆமாய்யா, கட்டிவுட்ட கததான். குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு இங்கிலீஷும் தெரியாது. போதுமா? ஆளாளுக்கு வந்து உயிர எடுக்காதீங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்லீங்களா" என்று மட்டும் கேட்டார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திருநீறு அழிந்துபோயிற்று. ரோட்டைக் கடந்து பஸ்ஸின் ஓரமாகப் போய் ஒரு ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு, நிற்காமல் ஊருக்குள் நடந்தார்.

பஸ்ஸிலிருந்து அவர் மனைவி இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, தலையில் புதுப் பூ. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஓடிப்போய் அந்த மனுஷன் கையைப் பிடித்து, பொய் சொன்னேன், குட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

அந்த அம்மாள் ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

"இன்னா சார் கேட்டாரு உங்கள?"

"படத்தப் பத்திக் கேட்டாரும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். பையில் வளையல்கள் உரசும் சத்தம் கேட்டது.

"இந்தப் படத்தப் பாத்துத்தான் சார் மனசு எறங்கினாரு. இன்னொரு வாட்டி கூட்டியாந்து உக்கார வெச்சன்னா சரியா பூடுவாரு. இன்னிக்கு வர மாட்டாரு. நாளைக்கும் ஓடும் இல்ல?"

"இன்னியோட கடைசிம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கணவர் போன வழியே நடந்தார்.