தங்கச்சிக்காரி விலகிய கோடை

கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையில் குழுவாகச் சேர்ந்து பாடுகிறவர்களைப் பற்றி என்னிடம் இதுவரை எவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். பத்து வயதிலேயே அந்த விடயத்தில் எனக்கு முடிந்த முடிவுகள் இருந்தன. எந்தக் குழு உண்மையாகப் பாடுகிறது, எந்தக் குழுவை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டி எடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு வரி கேட்டவுடன் சொல்லிவிடுவேன். சரிபிழை பார்க்க வீட்டில் யாருக்கும் வசதியில்லாதபடியால் நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா வாங்கிய பழைய வான். எங்கள் வீடு ரொறன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டில், அப்பாவின் வேலை மேற்கே மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரம் ஓடுகிறவருக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. வந்த வானில் என்ஜின் நன்றாக இருந்தது, பிரேக் நன்றாக இருந்தது, றேடியோ மட்டும் ஒரே நிலையத்தில் இறுகிக் கிடந்தது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிலையத்தை மாற்ற முடியாது. முன்னைய சொந்தக்காரர் ஒரு தீவிர கன்ட்ரி இரசிகராக இருந்திருக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு கோடையும் அதைத் திருத்தப் போவதாகச் சொன்னார். கோடைகள் வந்து போயின. என் வகுப்புப் பிள்ளைகள் ராப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் குதிரை, வைக்கோல், மழையில் விட்டுப்போன காதலி என்று வேறோர் உலகத்தில் இருந்தேன்.

அம்மாவும் அம்மாவின் தங்கையான சித்தியும் சின்ன வயதிலிருந்தே மாதா கோயிலில் பாடுகிறவர்கள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழாம் என்றால் அவர்கள் இருவரும்தான், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். அம்மா முதற்குரல், சித்தி இரண்டாம் குரல். முதற்குரல் எல்லோருக்கும் தெரிந்த மெட்டைப் பாடும். இரண்டாம் குரல் அதற்குக் கொஞ்சம் கீழே தன்பாட்டில் வேறொரு வழியால் போய்க்கொண்டிருக்கும். தனியாகக் கேட்டால் அது பாட்டுப் போலவே இருக்காது.

ஆகவே வானில் ஏறினால் கன்ட்ரிப் பாடகர்களும் எங்கள் குழாம் போலவே மதிப்பிடப்பட்டார்கள். தனியாகப் பாடுகிற பெரிய நட்சத்திரங்களுக்கு அம்மாவிடம் ஒரு மரியாதையும் இல்லை. குழுக்கள் என்றால்தான் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். அதிலும் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் பாடுகிற ஒரு குழு எங்கள் குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டது. அவர்களுடைய பெயர் இங்கே வேண்டாம், இன்றைக்கும் சண்டைக்கு வரக்கூடிய இரசிகர்கள் அவர்களுக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இருவரும் அக்காவும் தங்கையும் என்று அம்மா முதல் பாட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரே வயிற்றில் பிறக்காமல் குரல் அப்படிப் பொருந்தாது என்பது அவருடைய கட்சி. எனவே அவர்களை அக்காக்காரி, தங்கச்சிக்காரி என்றுதான் நாங்கள் சொல்லுவோம். நான் பள்ளிக்கூட நூலகத்தில் தேடிப் பார்த்து, இருவரும் வேறு வேறு மாநிலம், ஒரு சொந்தமும் இல்லை என்று வந்து சொன்னேன். அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப மச்சாள்மாராய் இருக்கும்," என்றார்.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில் ஒருநாள் அஜின்கோர்ட்டில் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். சித்தியும் வந்திருந்தார். பின் சீற்றில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்தார். அறிவிப்பாளர் பாட்டை நிறுத்தி, அந்தக் குழுவிலிருந்து ஒருவர் விலகுகிறார் என்று சொன்னார். விலகுகிறவர் தங்கச்சிக்காரி.

அம்மா முன் சீற்றில் இருந்து வெளியே பார்த்தபடி சொன்னார்: "பாட்டைக் கொண்டுபோறவள் அக்காக்காரிதானே. மற்றவள் நிண்டால் என்ன, போனால் என்ன? வேற ஒருத்தியப் பிடிச்சு விட்டால் சரி."

"ஓம் அக்கா, பிடிச்சு விடலாம்தான்," என்றார் சித்தி. பிறகு கைப்பையிலிருந்து சாமான் பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

இதற்கு முதல் ஞாயிறு கோயிலில் ஒன்று நடந்திருந்தது. மைக்குகளில் ஒன்று பழுதாகிவிட, இருந்த ஒன்றைக் கீபோட் வாசிக்கிற அண்ணை அம்மாவுக்கு முன்னால் வைத்தார். அம்மா அதை நகர்த்தவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அன்ரிமார் எல்லோரும் அம்மாவின் குரலைப் புகழ்ந்தார்கள். சித்தி கார் திறப்புக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கரையில் நின்றார். ஒருவருக்கு மைக் இருந்தது, மற்றவருக்கு இல்லை, இதில் என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருப்பேன். நினைத்தேனோ என்பதுகூட நிச்சயமில்லை.

அடுத்த பாட்டுப் பழக்கத்துக்குச் சித்தி வரவில்லை. தொண்டை சரியில்லையாம். அதற்கடுத்த பழக்கத்துக்கும் தொண்டை சரியில்லை. மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வேறோர் அன்ரியை இரண்டாம் குரலுக்குப் பிடித்தார். அந்த அன்ரி நல்ல மனுசி, சத்தமும் தாராளம். ஆனால் எங்கே தொடங்கினாலும் நாலாவது சொல்லில் அம்மாவின் மெட்டுக்குள் வந்து விழுந்துவிடுவார். வீட்டுக்கு வந்த அம்மா சோற்றுப்பானையை அடுப்பில் வைத்த சத்தம் மேல்மாடிவரை கேட்டது. சித்திக்குத் தொலைபேசி எடுக்கும்படி அப்பா சொன்னார். அவள் எடுக்கட்டும் என்றார் அம்மா. தொண்டை சரியில்லாதவர் எப்படித் தொலைபேசி எடுப்பார் என்று நான் நியாயமாகக் கேட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமைக் காலை வந்தது. அப்பா வானை ஓட்ட, நாங்கள் தம்பிக்குச் சப்பாத்து வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். றேடியோவில் நேயர்களின் அழைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சிக்காரி போன பிறகு அது அதே குழுதானா, இல்லையா என்பது கேள்வி. ஒருவர் போனால் என்ன, பாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்தானே என்றார் ஒரு லொறிச் சாரதி. இந்தக் காலத்துக் குழுக்களில் பாதிக் குரல் கணினியுடையது, யார் போனாலும் தெரியாது என்றார் இன்னொருவர். தங்கச்சிக்காரிக்குப் பதிலாகப் புதிதாக வந்தவள் இளமையாகவும் வடிவாகவும் இருக்கிறாள் என்று ஒரு பெடியன் சொன்னான். பாட்டைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அவனை நான் வானுக்குள் இருந்தே ஏசினேன்.

அடுத்ததாக, எங்கள் பகுதியான ஸ்காபரோவிலிருந்து ஜெனி என்றார் அறிவிப்பாளர்.

ஜெனி வாயைத் திறந்ததும் அப்பா பிரேக்கை மிதித்தார். அது சித்தியின் குரல். சித்திக்கு வங்கியொன்றில் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுடன் பேசுகிற வேலை. அதற்கென்று ஒரு தனி ஆங்கிலம் வைத்திருந்தார். எரிவாயுக் கொம்பனியோடு சண்டை பிடிக்கும்போதும் அதே ஆங்கிலம்தான் வரும். எங்களுக்கு அது நல்ல பழக்கம்.

நான் "சித்தி!" என்று கத்தினேன். அம்மா கையை நீட்டி றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

சித்தி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். மேலே பாடுகிறவளுக்கு வழி எல்லோருக்கும் தெரிந்த வழி, கோயில் முழுக்க அவளோடு சேர்ந்து போகும். கீழே பாடுகிறவள் தனியே போகவேண்டும், ஆனால் மற்றவளைத் தனியே விடவும் கூடாது. அவள் மூச்சு எடுக்கும் இடத்தில் இவள் மூச்சை அடக்க வேண்டும். அவள் சறுக்கினால் வெளியே தெரியாமல் பிடிக்க வேண்டும். சரியாகப் பாடினால் இவள் இருப்பதே தெரியாது. அதனால்தான் போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறார்கள்.

கன்ட்ரி நிலையத்தில் ஏன் கோயில் வந்தது என்று அறிவிப்பாளருக்கு விளங்கியிருக்காது. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டு, ஜெனி, நீங்கள் பாடுகிறவரா என்று கேட்டார்.

முந்திப் பாடினேன், என் அக்காவோடு, என்றார் சித்தி.

இப்போது?

இப்போது தொண்டை சரியில்லை.

அறிவிப்பாளர் தேனும் எலுமிச்சையும் குடிக்கச் சொல்லிவிட்டு, பழைய நால்வரும் சேர்ந்து பாடிய பாட்டைப் போட்டார். அம்மா அப்பாவைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, வானை உதில நிப்பாட்டுங்கோ," என்றார். ஒரு தளபாடக் கடையின் வாசலில் நிறுத்தினோம். பாட்டு முடியும்வரை அம்மா அசையவில்லை. முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சித்தி ஏன் பொய்ப் பெயர் சொன்னார் என்று நான் கேட்டேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சும்மா இரு பிள்ளை," என்றார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷப் புழுகம். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் றேடியோவில் பேசி, அந்தப் பெடியனை வாயடைக்க வைத்துவிட்டார் அல்லவா!

அம்மா அன்றும் தொலைபேசி எடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அரிசி கழுவும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் ஏதோ விசித்திரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சொற்கள் மாதா பாட்டினுடையவை, மெட்டு எதுவோ. இடையில் நின்று, தலையை ஆட்டி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார். நான் சொல்லாமல் இருப்பேனா?

"அம்மா, மெட்டுப் பிழை."

"எனக்குத் தெரியும். நீ போய்ப் படி."

திருநாள் அன்று கோயில் நிரம்பி வழிந்தது. சித்தி வந்தார். தொண்டை எப்படி இருந்தாலும் மாதா திருநாளை விடுகிறவர் அல்ல. ஆனால் குழாமுக்குப் போகாமல் எங்களோடு முன் வரிசை வாங்கில் இருந்தார். பூசை முழுவதும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாடவில்லை. கடைசியில் மாதா பாட்டு வந்தது. அதன் சரணங்களை எப்போதும் அம்மாவும் சித்தியும் மட்டுமே பாடுவார்கள், குழாம் பல்லவிக்குத்தான் சேரும். பூசை வைத்த சுவாமி மாதா சுருவத்தின் பக்கம் திரும்பி நின்றார். கீபோட் அண்ணை முன்னிசையை வாசித்து முடித்தார்.

அம்மா தொடங்கினார். அது மாதா பாட்டு அல்ல. சொற்கள் சரி, ஆனால் மெட்டு எங்கேயோ கீழே, ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல், இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது. சனம் தலையைத் திருப்பிப் பார்த்தது. கீபோட் அண்ணை கையை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் முழித்தார். அம்மா நிறுத்தவில்லை. எனக்கு மானமே போய்விட்டது. அம்மா அந்த மைக்கில் பாடிக்கொண்டிருந்ததெல்லாம் எங்கள் வாங்கைப் பார்த்துத்தான்.

என் பக்கத்தில் சித்தி புத்தகத்தை மூடினார். இருந்த இடத்திலேயே எழுந்து, மைக் இல்லாமல், எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டை எடுத்தார். சித்தியின் குரலில் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கணமே கீழே தடுமாறிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் வந்து, கோயில் நிமிர்ந்தது. பாடிக்கொண்டே சித்தி நடந்து போனார். அம்மா மைக்கை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். இரண்டு இடத்தில் அம்மா பழைய பழக்கத்தில் மெட்டுக்குள் வழுக்கினார். இரண்டு தரமும் சித்தி அவருடைய கையைப் பிடித்து அழுத்த, திரும்பவும் கீழே இறங்கினார்.

பூசை முடிந்து வாசலில் அன்ரிமார் சூழ்ந்துகொண்டார்கள். என்ன, மெட்டு மறந்து போச்சோ என்று கேட்டார்கள்.

"ஓம், தடுமாறிப் போனன். நல்லகாலம் தங்கச்சி இருந்தா," என்றார் அம்மா. சித்தி அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த மாலைப் பூவை எடுத்துவிட்டார். அவருடைய முகம் அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் தன் காரை விட்டுவிட்டு எங்கள் வானில் வந்தார், அம்மாவுக்குப் பக்கத்தில்.

அம்மா மாதா பாட்டை மறந்ததையும் சித்தி காப்பாற்றியதையும் நான் பல வருடங்களாக எல்லா வீட்டு விசேஷங்களிலும் நடித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் இருவருக்கும் முன்னாலேயே காட்டியிருக்கிறேன். அம்மாதான் அதிகம் சிரிப்பார். தன்னிலும் இளையவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. என் கதையை அவர் ஒருதரமும் திருத்தவில்லை, சித்தியும் திருத்தவில்லை. வளர்ந்து நானே குழாமில் சேர்ந்து இரண்டாம் குரல் பழகத் தொடங்கியபோது, ஒரு சரணத்தைப் பிடிக்க ஒரு கிழமை போதாமல் அழுகை வந்தது. மெட்டை மறந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். தவறுதலாக எவரும் இரண்டாம் குரலைப் பாடிவிட முடியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அத்தனை சனத்துக்கும் முன்னால் அம்மா அதைச் சித்திக்காகப் பாடிக்கொண்டிருந்தபோது, இசையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றிருந்த நான், இவர் என்னுடைய அம்மா என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.